மூக்காயி மேடு, புல எண் 212

பக்கத்துக்கு நாலு கட்டம்:
பெயர், வேறு வழக்கு, சொன்னவர், குறிப்பு.
தாலுகா ஆபீஸ் பின்னறையில்
பக்கத்துக்கு மூன்று ரூபாய்க் கூலிக்கு
பதிவேட்டைக் கணினியில் ஏற்றுகிறேன்.

உடையடித் தட்டு. நரிப்பொத்தை.
கழுதை உருண்டான் பள்ளம்.
சர்வேயர் ரங்கராவுக்கு வீட்டுப்பேச்சு மராட்டி.
ழகரம் வரும் இடமெல்லாம்
பேனா ஒரு கணம் நின்றிருக்கிறது,
மைப்பொட்டு சொல்கிறது.
கழுதை இரண்டு தரம் களுதை.

மூன்று பேர் ஒத்துச் சொன்னால்தான் பெயர்:
முதல் பக்கத்தில் விதி.

1874, பங்குனி. தேரிக்காடு.
செம்மணலில் சங்கிலியை இழுத்து இழுத்து
ஆட்கள் உள்ளங்கை வெந்து நிற்கிறார்கள்.
எதிரே ஒரு மேடு.

கணக்கர் ஆவுடைநாயகம் சொன்னார்:
செம்மண் திட்டு என்று போடுங்கள்,
தீர்வை இல்லாத மண்ணுக்குப் பெயர் என்ன வேண்டிக்கிடக்கிறது.

உபதேசியார் ஞானசிகாமணி சொன்னார்:
பெத்தேல் குன்று.
சேகரப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாள்:
மூக்காயி மேடு.

எங்கே, காட்டுங்கள் என்றிருக்கிறார் ராவ்.
கணக்கர் கை பொதுவாக மேற்கே போயிற்று.
உபதேசியார் வரைபடத்தில் விரல் வைத்தார்.
அவள் மட்டும்
மேட்டைக் காட்டினாள்.
"இப்போ இங்ஙன கெடக்கு எசமான்.
ஆடிக்காத்து ரெண்டு அடிச்சா
அந்தா, அந்தப் பனையைத் தாண்டிரும்."

இதில் பாதி நானாகச் சேர்த்தது.
ஏட்டில் இருப்பது இவ்வளவுதான்:
மூன்று பெயர், இரண்டை அடித்த கோடு,
ஒரு கைரேகை,
குறிப்பில் ராவின் பொடி எழுத்தில்
*நகர்கிறது.*

அதன்மேல் சிவப்பு மை, வேறு கை, பெரிய எழுத்து:
*மேடு நகராது. கல் நடுக.*

கல் இருக்கிறது. போன மாதம் பார்த்தேன்.
சுற்றிலும் தட்டையாய் முருங்கைத் தோட்டம்.
மோட்டார் அறைச் சுவரில்
மூக்காயி மேடு என்று நீலப் பெயிண்டு.
ஏன் மேடு என்று கேட்டேன்.
பட்டாவில் அப்படி என்றார் தோட்டக்காரர்,
மோட்டாரை நிறுத்தாமல்.

மேடு கிழக்கே மூன்று ஃபர்லாங் தள்ளி
வேறொரு எண்ணில் கிடக்கிறது.
கொல்லாமரம் நட்டு நிறுத்திவைத்திருக்கிறார்கள்.
அதற்கு இப்போது பெயர் கிடையாது.

மூக்காயி யார் என்று
ராவ் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் அதற்குக் கட்டம் இல்லை.

சிக்கல் எனக்கு மூன்றாம் கட்டத்தில்.
கைரேகைக்குக் கீழே பெயர் எழுதவில்லை.
சொன்னவர் காலியாக இருந்தால்
கணினி அடுத்த வரிக்கு விடாது.
பெண் என்று அடித்தேன், பிறகு அழித்தேன்.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றுக்கொண்டது.

அடுத்து, புல எண் 213.
கடன்கொடா விளை.
வேறு வழக்கு இல்லை.
மூவரும் ஒத்துச் சொன்னது.