சுற்றுவழி

ஆறு பேர், ஒரு குடை, என் கையில் சிவப்புக் கொடி.
ஞாயிறு மாலை ஐந்தரை, மகாமகக் குளத்து வடகரை.
தலைக்கு ஆயிரத்து இருநூறு. தண்ணீர் பாட்டில் என் கணக்கு.
"மெதுவாச் சாப்பிடுங்க, இன்னும் நாலு இடம் இருக்கு"
என்று முதல் கடையிலேயே சொல்லிவிடுவேன்.
யாரும் கேட்பதில்லை.
நான் சொல்லி முடிக்குமுன்
புனேக்காரர் மூன்றாவது வடையில் இருந்தார்.

டபராவிலிருந்து டம்ளருக்குக் காப்பி இறங்கும் உயரத்தைப்
படம் பிடித்தார்கள்.
சிக்கரி எத்தனை பங்கு என்று ஒருவர் கேட்டார்.
"அது அவங்கவங்க வீட்டுச் சண்டை சார்" என்றேன்.
எல்லா ஞாயிறும்
இந்த இடத்தில் சிரிப்பார்கள்.

வெற்றிலைக் கடையில்
காம்பு கிள்ளவும் நரம்பு உரிக்கவும் காட்டிக்கொடுத்தேன்.
இந்தப் படுகை மண்ணைத் தவிர வேறெங்கும்
கொழுந்து இப்படி வழுக்காது என்று
மெய்யோ பொய்யோ ஒன்றைச் சொன்னேன்.
டொராண்டோ தம்பதி சுண்ணாம்பை வாரித் தடவிவிட்டு
நாக்கை வெளியே நீட்டியபடி நின்றார்கள்.

பிறகு அந்த முனை.
நேரே போனால் பாத்திரக்காரத் தெரு.
நான் இடப்பக்கம் திரும்புவேன்.
சாக்கடை வேலை நடக்கிறது என்பேன்.
இரண்டு வருஷமாக நடக்கிறது அந்த வேலை.

காற்றுக்குச் சாக்கடை தெரியவில்லை.
சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்துப்
பாசிப்பருப்பில் ஊற்றிக் கொதிக்கவிட்ட வாசனை
முனை வரைக்கும் நடந்து வந்து
ஆளுக்கொரு சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது.
"கடப்பா" என்றார் புனேக்காரர், போனைப் பார்த்தபடி.
"ஞாயிறு மட்டும். நாலு புள்ளி ஏழு. நூற்றிருபது மீட்டர்."

என்ன சொல்வது?
குக்கரில் வைக்காதே, குழைந்துவிடும் என்று
அந்த அடுப்பெதிரே ஆறு வருஷம் கத்தியவள் நான் என்றா?
கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்று
கல்லாச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன்.
கைப்பக்குவத்தை எதில் கட்டி எடுத்துவருவது?

கியோட்டோவிலிருந்து வந்த ஹிரோமி
அதுவரை வாய் திறக்கவில்லை.
அவளுக்கும் அங்கே இதே பிழைப்புதான்,
மாலையில், ஆற்றோரச் சந்துகளில்,
காகித விளக்கின் கீழே குச்சியில் கோத்த கோழியும்
கிண்ணத்தில் சூடான நூடுல்ஸும் காட்டி.
"வழி இங்கே கொஞ்சம் கோணுகிறதே?" என்றாள்.
ஊர்ப்பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன்:
குடத்தின் மூக்குக் கோணியதால் கும்பகோணம்.
தலையாட்டிவிட்டுச் சொன்னாள்,
"எனக்கு ஒரு பாலம் இருக்கிறது.
மழையில் வழுக்கும் என்று சொல்லிவிடுவேன்.
மழையே இல்லாத நாளிலும்."

மற்றவர்கள் அதற்குள் பாதித் தெரு போயிருந்தார்கள்.
அவளையும் போகச் சொன்னேன்.
கொடியைச் சுருட்டிக்கொண்டு
எதிர்ச்சாரி மின்கம்பத்தோடு நின்றேன்.

இட்லி ஆவிக்கு நடுவில்
குணசீலன் முதுகு மட்டும் தெரிந்தது,
முன்னைவிடக் கொஞ்சம் அகன்று.
திரும்பவில்லை.
பில் ஆறு பேருக்குத்தான்.
ஆனால் தமீம் ஏழாவது இலையோடு தெருவைக் கடந்து வந்தான்.
"யாருடா குடுக்கச் சொன்னா?"
"யாரும் சொல்லலக்கா.
கரண்டி தானா ஏழு தரம் போச்சு."

நின்றபடியே தின்றேன்.
பருப்பு குழையவில்லை.
சோம்பு ஒரு சிட்டிகை கூட.
அது என் அளவு இல்லை, புதுசு.
மோசமும் இல்லை.

ஏழு மணிக்குக் கொடியை மறுபடி விரித்து
ஆட்களை எண்ணினேன். ஆறு.
அடுத்தது பாதாம்பால் என்று நடக்கத் தொடங்கியதும்
முதல் தூறல் விழுந்தது.
புனேக்காரர் வெறுங்கையைப் பார்த்தார்.
குடை உள்ளே பெஞ்சில் கிடக்கிறது.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.
ஹிரோமி மட்டும் வானத்தை.