உம்

தம்பெரேயில் ஒரு குடியிருப்பின் அடித்தளம்.
போர் வந்தால் பதுங்குவதற்கென்று வெட்டிய அறை.
வராத வருடங்களில்
செவ்வாயும் வியாழனும் எங்களுக்கு வாடகைக்கு.
ட்யூப்லைட்டைப் போட்டதும்
என் கிடார் உம் கொட்டத் தொடங்கும்.
நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒற்றைச் சுருள் பிக்கப்பின் சுபாவம் அது.
தந்தி அதிர்ந்தாலும் உம்,
சுவருக்குள் மின்சாரம் நடந்தாலும் உம்.

ஹம்பக்கர் போடு என்றான் இல்போ.
இரண்டு சுருள்கள், எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்தம்.
வெளியிலிருந்து வரும் உம்மை
ஒன்று கூட்டும், மற்றது கழிக்கும்.
தந்தி சொல்வதை மட்டும்
இரண்டும் ஒரே குரலில் சொல்லும்.
நானும் என் முன்னாள் கணவனும்கூட
எதிரெதிர்ச் சுற்றுதான்.
எங்களிடம் கழிந்தது வேறு.

எதை வாங்குவது?
அல்நிக்கோ இரண்டு தேன் என்கிறார்கள்,
ஐந்து கண்ணாடியாம்,
செராமிக் என்றால் கோடரி.
சத்தம் என்று ஒருவரும் சொல்வதில்லை.
"எதைப் போட்டாலும் என் சிம்பலுக்குப் பின்னால்தான்"
என்றாள் ஹில்லா, காதடைப்பானைக் கழற்றாமல்.

ட்ராம் பணிமனையில் இரண்டு இரவு கூடுதல் ஷிஃப்ட்.
பதினாறு கிலோ ஓம் செராமிக் வாங்கினேன்.
மேல்தகட்டை ரம்பத்தால் அறுத்து,
கோணலாகத்தான், உள்ளே இறக்கினேன்.
ஒரு கார்டு அடித்தால் சுவர் எழுந்தது.
மூன்று வாரம் அந்தச் சுவருக்குள் சந்தோஷமாக இருந்தேன்.
பிறகுதான் உறைத்தது:
மெல்லத் தொட்டாலும் அறைந்தாலும்
ஒரே பதில்.
என் விரல்களை யாரோ
வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள்.

நோக்கியா என்று ஓர் ஊரே இருக்கிறது.
அங்கிருந்து வந்த பையன்
பாதி விலைக்கு எடுத்துப் போனான்.

அடுத்தது அல்நிக்கோ இரண்டு, ஏழரை கிலோ ஓம்,
யாரோ கழற்றியது, உறையில் ஒரு நகக்கீறல்.
சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு.
நான்கு நிறங்களும் எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றுதான்,
அர்த்தம் மட்டும் ஆளுக்கொன்று.
வேறொருவர் வரைபடத்தைப் பார்த்துப் பற்றவைத்துவிட்டேன்.
ஒயரைச் செருகினால்
தந்தி கொசுவாகிவிட்டது;
உம் இரண்டு மடங்கு.
ஹில்லா சிரித்துச் சிரித்து
நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

மறுபடி ஈயம், மறுபடி புகை.
பச்சையையும் சிவப்பையும் இடம் மாற்றினேன்.

ட்யூப்லைட் எரிகிறது.
ஆம்ப் ஆறில் இருக்கிறது.
ஒன்றுமில்லை.
மாடியில் எவருடைய துணியோ சுழல்வது கேட்டது,
இல்போ மூக்கை உறிஞ்சுவது கேட்டது.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

உம் கொட்ட ஒருவருமில்லாத அறையில்
கதையை எடுக்க
எனக்குக் கூச்சமாக இருந்தது.