திருத்தம்

சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை, இரண்டாம் மாடி.
டெல்லியிலிருந்து வந்த மகளிர் ஆணையம்
பெயர்ப்பலகைகளை நிமிர்த்திக்கொள்கிறது.
நாற்பத்தோராவது மனு:
பனைமரத்தொட்டி பியூலா.

'அவரு அடிச்சாரு.
குக்கர் மூடியால அடிச்சாரு.
தையல் போட அவரேதான் கூட்டிட்டுப் போனாரு,
ஷேர் ஆட்டோவுல.'

நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல
அந்த 'ஆரு' மட்டும்
செருப்புகளோடு வாசலிலேயே நின்றுவிட்டது.

சட்டத்தில் ஒரு சொல்லை மாற்ற
ஒன்பது வருஷம் ஆகுமாம்.
வக்கீல் சொல்கிறார், சமோசாவைப் பிட்டபடி.

தமிழ்ப் பிரதியை வாசித்துக் காட்டினேன்.
கையெழுத்துக்கு முன் பேனா நின்றது.

'மேடம்,
அடித்தார்னு ரெண்டு இடத்துல இருக்கு.
அடித்தான்னு போடுங்க.'

அப்புறம், கொஞ்சம் தள்ளி,
'அந்த ஆட்டோ...
அது அப்படியே இருக்கட்டும்.'