ஏன் என்று எழுதாத தாள்

முதல் தாளில் 'ஏன்' என்று
ஏழு இடத்தில் எழுதியிருந்தேன்.
ஏன் இன்னும் இல்லை, ஏன் பதில் இல்லை,
எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவளுக்கு
ஏன் முதலில்.
போட்டோகொப்பிக் கடை ரிஸ்மியா
ஏழையும் சிவப்புப் பேனையால் வெட்டினாள்.
"ஏன்டு கேட்டா கதை சொல்லுவாங்க அக்கா.
திகதி கேளுங்க. பேர் கேளுங்க.
தாளைக் கேளுங்க.
தாளுக்குப் பொய் சொல்லக்
கொஞ்சம் நேரம் எடுக்கும்."

அப்படியே எழுதினேன்:
என் வீட்டு விண்ணப்பம்
இன்றைக்கு எந்த மேசையில்.
அந்த மேசைக்கு வந்த திகதி என்ன.
கோவையில் எத்தனை பக்கம்.
பக்கத்துக்கு ஒரு பிரதி.

ஆறு வருடத்தை இவ்வளவு சின்னதாய்
மடிக்கலாம் என்று தெரியாது எனக்கு.
பதிவுத் தபாலில் நிறுத்துப் பார்த்தார்கள்,
பதினொரு கிராம்.

ஆறு வருடம் என்றால்
மட்டக்குளியில் மூன்று வாடகை வீடு,
மகனுக்கு மீசை,
லிஃப்ட் வைத்த வீடு, லிஃப்ட் வைத்த வீடு என்று
படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி
போன ஆவணியில் போய்ச் சேர்ந்த என் மனுசன்.
விண்ணப்பத்தில் அவர் இன்னும்
குடும்ப அங்கத்தவர், இலக்கம் இரண்டு.

பதினாலு வேலை நாள் என்று சட்டம்.
சனி ஞாயிறு கழித்தேன், போயாவைக் கழித்தேன்.
பதினைந்தாம் நாள்
மேல்முறையீட்டுத் தாளை வாங்கி வைத்தேன்.
பதினாறாம் நாள்
பத்தரமுல்லையிலிருந்து பழுப்புக் கவர்.

சிங்களத்தில்.
மீன் வாங்குகிற சிங்களம் எனக்குத் தெரியும்,
இது கோட்டுப் போட்ட சிங்களம்.
ரிஸ்மியா கல்லாவை மூடிவிட்டு வாசித்தாள்.
நாற்பத்தொரு பக்கம்.
மூன்று பக்கம் வரை நான் சகாயநாயகி.
நாலாம் பக்கத்தில் சஹாயநாயக்க.
ஒன்பதிலிருந்து ஆண்.
சிரித்தோம்.
அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்த பையனும்
என்னவென்று தெரியாமலே சிரித்தான்.

பிறகு முப்பத்தாறாம் பக்கம்.
சாவி எடுக்க வரச்சொல்லி ஒரு கடிதம்,
நாலு வருடத்துக்கு முந்தியது.
அப்போது அவருக்கு
முழங்காலில் மட்டும்தான் வருத்தம்.
அனுப்பிய முகவரி:
அறுபத்தாறின் கீழ் பதினெட்டு,
தண்டவாளத் தோட்டம்.

அந்த வீட்டை உடைத்ததே அவர்களுடைய மிசின்.
உடைத்ததற்கு ஒரு துண்டும் தந்தார்கள்.
துண்டு இதே கோவையில், இரண்டாம் பக்கத்தில்,
கையெழுத்தும் முத்திரையுமாக இருக்கிறது.
இரண்டும் முப்பத்தாறும்
ஒரே நூலில் கட்டிக் கிடந்தும்
ஒன்றையொன்று பார்த்ததில்லை.

திரும்பிப்போன கவரின் கொப்பியில்
தபால்காரரின் எழுத்து:
இப்படி ஒரு வீடு இல்லை.
அதற்குக் கீழே வேறொரு பேனை:
விண்ணப்பதாரருக்கு அக்கறை இல்லை. மூடலாம்.

ரிஸ்மியா அதை இரண்டாம் தரம் வாசிக்கவில்லை.
மிசின் மட்டும் யாருடையதோ
பிறப்புச் சான்றிதழைத் துப்பிக்கொண்டிருந்தது,
சூடாக.

கத்தியிருக்கலாம் நான்.
ஏனோ அந்தத் தபால்காரரைத்தான் நினைத்தேன்.
கல்லும் கம்பியும் கிடந்த வெட்டையில்
சைக்கிளை நிறுத்தி,
கதவிலக்கம் தேடி,
கண்டதை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.
நாற்பத்தொரு பக்கத்தில்
நேரில் வந்து பார்த்தவர் அவர் ஒருவர்.

"இன்னொரு ஃபோம் தா பிள்ளை."
என் சாவி ஏன் வேறு கைக்குப் போனது என்று
வாய்வரை வந்தது, விழுங்கினேன்.
சாவி ஒப்படைத்த பதிவேடு,
அந்த மாதத்துப் பக்கங்கள்,
பிரதி ஒன்று.
முகவரிக்கான இடத்தில்
ரிஸ்மியா தன் கடை முத்திரையை
ஊதி ஊதிக் குத்தினாள்.
இந்தக் கடையை உடைக்க வருவதற்குள்
பதில் வந்துவிடும் என்றாள்.

பெயரைக் கூட்டெழுத்தில்லாமல் எழுதினேன்.
பக்கத்தில், எந்தக் கட்டமும் கேட்காமலே,
பெண் என்றும் எழுதினேன்.