நூற்றுப் பதினோராவது புலம்

ஆடி போயும் ஓயாத காற்று.
காங்கேயத்துக்கு மேற்கே அத்தனை காற்றாலையும் சுற்றுகின்றன,
எங்கள் சுகாதார நிலையத்தில் மின்சாரம் இல்லை.
மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு
மைக்ராஸ்கோப்பின் அடிக்கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினேன்.

தேங்காய்க் களத்திலிருந்து வந்த ரத்தம்.
பெயர் எழுதும் இடத்தில் "வடக்கத்தி 7".
கிட் அட்டையில் கோடு இல்லை,
அல்லது சாய்த்துப் பிடித்தால் மட்டும் இருக்கிறது.
அட்டை சொல்வதை எழுதிவிட்டால் பத்தரைக்கு டீ.

நூறு புலம் பார்க்க வேண்டும் என்பது விதி.
புலம் என்றால் ஊருக்குக் கிளுவை வேலி போட்ட கொறங்காடு.
எனக்கு எண்ணெய்ச் சொட்டுக்குக் கீழே ஒரு வட்டம்.
நூறிலும் ஒன்றுமில்லை.
பேனாவை எடுத்துவிட்டேன்.

அப்போது மேஸ்திரி சென்னியப்பன் வந்தார், கக்கத்தில் வருகைப் பதிவேடு.
"மூணு நாளைக்கொருக்கா லீவு போடறானுங் அம்மிணி.
காச்சலாமா! குடிதானுங்.
இல்லீன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா கணக்கை முடிச்சு அனுப்பீர்லாம்."

ஏழாம் வரிசையில் சிவப்பு மையில் பெருக்கல் குறிகள்.
நான்கு, ஏழு, பத்து, பதிமூன்று.
பதினாறு ஞாயிறு, அதனால் குறி இல்லை.
நேற்று பத்தொன்பது.
எந்தக் குடிகாரனுக்கு இத்தனை கணக்கு வரும்?

மறுபடி குனிந்தேன்.
நூற்று ஒன்று. நூற்று இரண்டு.
மேகம் மறைத்தது, காத்திருந்தேன்.
நூற்றுப் பதினொன்றில்
ஓர் அணுவின் குறுக்கே
அரைஞாண் கட்டியதுபோல் நீலப்பட்டை.
வைவாக்ஸ் என்றால் குடிபுகுந்த வீட்டை ஊத வைக்கும்.
இது ஒரு சுவரையும் நகர்த்தவில்லை.

எத்தனை காலமாக என்று அவனிடம் சைகையில் கேட்டேன்.
உள்ளங்கையைத் தன் இடுப்புயரத்துக்குத் தாழ்த்திக் காட்டினான்,
இவ்வளவு உயரம் இருந்தபோதிலிருந்து.

படிவத்தில் இரண்டே கட்டம்.
வைவாக்ஸ். பால்சிபாரம்.
மலேரியே என்ற இந்த மூன்றாவதற்கு இடமில்லை.
போன வருடம் ஒன்பது பேருக்கு முதல் கட்டத்தில் டிக் அடித்தேன்.
பதினான்கு நாள் மாத்திரை தின்றார்கள்,
ஈரலில் ஒளிந்திருப்பதைக் கொல்ல.
எத்தனை பேருக்கு ஈரலில் எதுவுமே இல்லையோ.
ஸ்லைடுகளைக் கழுவி மறுபடி பயன்படுத்தியாகிவிட்டது.

ஸ்கேல் வைத்து மூன்றாவது கட்டம் வரைந்தேன். கொஞ்சம் கோணல்.
பெயர் கேட்டேன்.
கீர்த்தன் மாஜி.
சென்னியப்பனும் அப்போதுதான் கேட்டார் போல,
"மாசிங்களா?" என்றார்.

"இருபத்திரண்டாம் தேதிக்குக் குறி போடாதீங்க.
களத்தில் இன்னும் எத்தனை பேர்?"
"பதினொண்ணுங்."
"எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."
"வேலை கெட்டுப்போகுமுங்களே."

மின்சாரம் வந்தது.
ஜீம்சா பாட்டிலை விளக்கில் தூக்கிப் பார்த்தேன்,
நாலு பேருக்குத்தான் சாயம் இருந்தது.