பாட்லைன், சோஹார்

வாசலிலேயே கடிகாரம், போன் எல்லாம்
லாக்கருக்குப் போய்விடும்.
பெலவேந்திரன் மறந்து
பேங்க் கார்டோடு உள்ளே வந்தான்.
சம்பள நாளில் ஏடிஎம்
அவனைத் தெரியாதென்றது.

மூன்று லட்சம் ஆம்பியர்.
கையுறை மேல் வைத்த ஆணி
தானே எழுந்து நிற்கிறது.
ஒரே திசையில் மின்சாரம் ஓடும் பஸ்பார்கள்
ஒன்றையொன்று இழுக்கின்றன;
பிரித்து வைத்திருப்பவை போல்ட்டுகள்.

இத்தனை காந்தத்துக்கு நடுவே
தரையில் கிடந்த செம்புக்கம்பிச் சுருளில்
ஒன்றுமில்லை.
மீட்டரை மாட்டிப் பார்த்தோம். பூஜ்யம்.
ஹிலால் சிரித்தான்.

இரவு இரண்டு பத்துக்கு
லைன் ட்ரிப் ஆனது.
ஆணி சாய்ந்தது.
முள் ஒரே ஒரு தடவை
துள்ளி அடங்கியது.

"இருக்கிற காந்தம் தூண்டாது,
மாறுகிற காந்தம்தான்" என்றேன்.

ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தேன்.
மூன்று வாரமாக ஒலிக்காத போனில்
ஏழு மிஸ்டு கால்,
எல்லாம் ஒரே எண்.