கட்டிய ஆண்டு

டொலீடோவில், மௌமி ஆற்றங்கரையில்,
கார் கழுவுமிடத்துக்கும் டயர்க் கடைக்கும் நடுவே
ஒரு பிரெஞ்சு ஆயரின் அரண்மனை நிற்கிறது.
முழுதும் அல்ல. மூன்று கட்டடங்கள்.
நான் சொத்துவரி அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறேன்.

படிவத்தின் முதற்கட்டம்: கட்டிய ஆண்டு.
1240 என்று தட்டினேன். சிவப்பாயிற்று.
1700க்கு முன்னால் உலகம் இல்லை என்கிறது மென்பொருள்.

உரிமையாளர் டொலோரஸ் கவால்சிக்
கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிறார்.
அவர் சொன்ன கதை:
கண்ணாடி ஆலை முதலாளி ஒருவன்
கல்லுக்குக் கல் எண் போட்டு, வைக்கோல் சுற்றிக்
கப்பலேற்றினானாம். பாதி எழும்புவதற்குள்
பங்குச் சந்தை விழுந்தது.
ஆயர் கொலுவிருந்த மண்டபம் இன்னும் பெட்டியில்,
அல்லது யார் வீட்டு மதிலிலோ.
நிற்பவை சுங்கச்சாவடி, களஞ்சியம், கணக்கர் கூடம்.
தேவாலயம் அங்கேயே, முன்பே எரிந்துபோனது.
தொழுத இடம் போய், எண்ணிய இடம் தப்பியிருக்கிறது.

கணக்கர் கூடத்து நாற்காலிகளுக்கு
வெள்ளைத் துணியில் முடிச்சுப் போட்டிருந்தார்கள்.
புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை:
தஞ்சையில், கல்வெட்டு வகுப்பில், தூங்கி வழிந்த சொற்கள்
ஒஹாயோவில் வேலைக்கு வந்து நின்றன.

சுவரோரம் ஒரு கற்குழி.
"ஞானஸ்நானத் தொட்டி" என்றார் டொலோரஸ்.
மணப்பெண்கள் பூ மிதக்கவிடுவார்களாம்.
பூவை ஒதுக்கிக் கையை விட்டேன்.
பக்கவாட்டில் தானியம் வழிய ஒரு வாய்,
சிமெண்டால் அடைத்தது.
அடியில், ஒரு விரற்கடை ஆழம்,
பிற்பாடு வந்த வேறோர் உளி.
தொட்டியில்லை அது, மரக்கால்.
குடியானவன் கொட்டக் கொட்ட நிரம்பாத மரக்கால்.
கடல் தாண்டியும் களவு ஒரு மணி சிந்தாமல்
அப்படியே வந்து சேர்ந்திருந்தது.

டேப்பை இழுத்தேன். நீளம், அகலம், கூரை உயரம்.
அந்த விரற்கடைக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
கட்டிய ஆண்டு 1928 என்று போட்டேன்.
பச்சையாயிற்று.

மழைக்குக் கூரை ஒழுகுகிறது,
இந்த வருஷம் நாலே நாலு கல்யாணம்,
வரி கொஞ்சம் குறையுமா என்றார்.
பேசிக்கொண்டே சுங்கச்சாவடிக்கு வந்திருந்தோம்.
கம்பிச் சன்னலுக்கு அந்தப்புறம் அவர்,
இந்தப்புறம் நான். எப்படி அமைந்ததோ.

மேல்முறையீடு இரண்டாம் மாடியில், என்றேன்.
சீக்கிரம் போங்கள்,
நாலு மணிக்குச் சன்னலைச் சாத்திவிடுவோம்.